கொரோனா இல்லைங்க, கொரானா! இன்சுலினை பாக்டீரியாவே தயாரிக்க வழிபோட்ட விஞ்ஞானியின் கதை

இன்சுலின் போட்டுக்கொள்பவர் உங்கள் வீட்டில் இருந்தால், ஃப்ரிட்ஜில் இருக்கும் அந்த மருந்துப் பெட்டியை ஒரு முறை எடுத்துப் பாருங்க. மருந்தின் பெயருக்குப் பக்கத்தில், சின்ன எழுத்தில் 'ஆர்-டி.என்.ஏ' என்ற குறிப்பு இருக்கும். பலரும் கவனிக்காமல் விட்டுவிடும் குறிப்பு அது.

அதற்கு என்ன அர்த்தம்? இந்த இன்சுலின் பன்றியில் இருந்தோ மாட்டில் இருந்தோ எடுக்கப்பட்டதல்ல. கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாவோ ஈஸ்ட்டோ உற்பத்தி செய்தது.

பாக்டீரியாவுக்கு மனித இன்சுலின் செய்யத் தெரியுமா? தெரியாது. அதற்குப் புரியும் மொழியில் யாராவது எழுதிக் கொடுக்கணும். அந்த மொழியைப் படிக்கவும், பிறகு அதே மொழியில் எழுதவும் உலகத்துக்கு வழிகாட்டியவர்களில் முக்கியமானவர், இந்தியாவில் பிறந்த ஹர் கோவிந்த் கொரானா.

2020-க்குப் பிறகு இந்தப் பெயரைக் கேட்டாலே வைரஸ்தான் ஞாபகத்துக்கு வருது. ஆனால் கொரானா என்பது பஞ்சாபிக் குடும்பப் பெயர். வைரஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வேடிக்கை என்னன்னா, அந்த வைரஸைக் கண்டுபிடிக்க நம் மூக்கில் குச்சி விட்டு எடுத்த பரிசோதனைக்கும் இவருக்கும் ஒரு தொடர்பு உண்டு. அதைப் பின்னால் பார்ப்போம்.

யார் இந்த கொரானா? இன்சுலினுக்கும் இவருக்கும் என்ன தொடர்பு? பார்க்கலாம் வாங்க.

இரண்டே நாள் இடைவெளி

கொரானாவின் சரியான பிறந்த தேதி யாருக்கும் தெரியாது. அந்தக் காலத்துக் கிராமங்களில் அது சகஜம். ஆவணங்களில் இருப்பது 1922 ஜனவரி 9.

அந்தத் தேதிக்கு இரண்டே நாள் கழித்து, ஜனவரி 11 அன்று, கனடாவின் டொராண்டோ நகரில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயது சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி போடப்பட்டது. ஃபிரடெரிக் பேண்டிங், சார்லஸ் பெஸ்ட் ஆகியோர் விலங்கின் கணையத்தில் இருந்து எடுத்த சாறு அது. முதல் ஊசி சரியாகப் பலன் தரவில்லை. இன்னும் சுத்தப்படுத்திய மருந்து ஜனவரி 23-ல் போடப்பட்டது. சிறுவனின் சர்க்கரை அளவு இறங்கியது.

அதுவரை டைப்-1 சர்க்கரை நோய் வந்த குழந்தைகளுக்கு மரணத்தைத் தவிர வேறு வழி இல்லை. இன்சுலின் அதை மாற்றியது. ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. அந்த மருந்து வேண்டும் என்றால் விலங்குகளை வெட்டித்தான் ஆகணும். சுமார் 227 கிராம் சுத்தமான இன்சுலின் எடுக்க இரண்டு டன்னுக்கும் மேல் பன்றியின் உறுப்புகள் தேவைப்பட்டன.

இந்தச் சிக்கல் தீர ஏறக்குறைய 60 வருஷம் ஆனது. அதற்குள் பஞ்சாப் கிராமத்துப் பையன் எங்கெல்லாமோ போய் வந்துவிட்டார்.

மரத்தடிப் பள்ளிக்கூடம்

கொரானா பிறந்த ஊர் ராய்ப்பூர். சத்தீஸ்கரில் இருக்கும் ராய்ப்பூர் இல்லை. அன்றைய பஞ்சாபில் முல்தான் பக்கம் இருந்த ஒரு குட்டிக் கிராமம். இன்று அது பாகிஸ்தானில் இருக்கிறது. மொத்தமே சுமார் 100 பேர்தான் அந்த ஊரில். எழுதப் படிக்கத் தெரிந்தது அநேகமாக கொரானாவின் குடும்பத்துக்கு மட்டும்தான்.

அப்பா கண்பத் ராய், பிரிட்டிஷ் அரசில் பட்வாரி. நம்ம ஊர்க் கணக்குப்பிள்ளை மாதிரி, விளைச்சலுக்கு வரிக்கணக்கு எழுதும் வேலை. சம்பளம் குறைவு. ஒரு பெண், நான்கு ஆண் என ஐந்து பிள்ளைகள். அதில் கடைக்குட்டி ஹர் கோவிந்த்.

வீட்டில் வசதி இல்லை. ஆனால் பிள்ளைகள் படித்தே ஆகணும் என்பதில் அப்பா உறுதியாக இருந்தார். ஊருக்கு ஒரே ஒரு அறை கொண்ட பள்ளிக்கூடம் வர அவரே காரணம். கொரானாவின் ஆரம்பப் பாடம் மரத்தடியில்தான் நடந்தது. பிறகு முல்தானில் டி.ஏ.வி. உயர்நிலைப் பள்ளி. அங்கே ரத்தன் லால் என்ற ஆசிரியர் தன் மீது பெரிய தாக்கத்தை ஏற்படுத்தியதை, நோபல் பரிசு வாங்கிய பிறகும் கொரானா மறக்காமல் பதிவு செய்தார்.

அடுத்து லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகம். வேதியியல் படிப்பில் சேர நேர்காணல் உண்டு. பையனுக்கோ கூச்ச சுபாவம். நேர்காணலுக்கே போகவில்லை. நல்லவேளையாக, துறைத் தலைவர் அப்படியும் இடம் கொடுத்துவிட்டார். 1943-ல் பி.எஸ்சி., 1945-ல் எம்.எஸ்சி. முடித்தார்.

படிக்கப் போனது ஒன்று, படித்தது ஒன்று

1945-ல் இந்திய அரசின் உதவித்தொகை கிடைத்து இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். பூச்சிமருந்து, பூஞ்சைக்கொல்லி பற்றிப் படிப்பதுதான் திட்டம். ஆனால் போர் முடிந்த நேரம், இடம் கிடைக்கவில்லை. லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் கரிம வேதியியல் ஆராய்ச்சிக்கு அனுப்பிவிட்டார்கள். 1948-ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

பூச்சிமருந்து படிப்பில் அன்று இடம் கிடைத்திருந்தால் இந்தக் கதை எப்படிப் போயிருக்குமோ தெரியாது!

அடுத்து சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரம். விளாடிமிர் பிரெலாக் என்ற பெரிய வேதியியலாளரிடம் சுமார் ஒரு வருஷம். சம்பளம் கிடையாது, கையில் இருந்த சேமிப்பை வைத்து ஓட்டினார். அங்கே பழைய ஜெர்மன் ஆய்விதழ்களைப் புரட்டியபோது, யாரும் அதிகம் கண்டுகொள்ளாத ஒரு வகை வேதிப்பொருள் கண்ணில் பட்டது. பெயர், கார்போடைஇமைடு. ஒரு மூலக்கூறை இன்னொன்றோடு ஒட்ட வைக்கும் பசை மாதிரியான பொருள். பின்னாளில் மரபணுவின் எழுத்துகளை ஒன்றோடொன்று ஒட்ட கொரானாவுக்குக் கைகொடுத்தது இந்த வகைப் பசைதான்.

டாக்டர் பட்டம் இருக்கு... வேலை இல்லை

1949-ல் கொரானா இந்தியா திரும்பினார். ஆனால் அவர் விட்டுப்போன இந்தியா அங்கே இல்லை. நாடு இரண்டாகி இருந்தது. சொந்த ஊர் பாகிஸ்தானுக்குப் போய்விட்டது. குடும்பம் அகதிகளாக டெல்லிக்கு வந்திருந்தது.

லிவர்பூலில் டாக்டர் பட்டம், சூரிச்சில் பயிற்சி. இவ்வளவு இருந்தும் அவருக்கு ஏற்ற ஒரு வேலை இந்தியாவில் கிடைக்கவில்லை. சில மாதங்கள் பார்த்தார். கேம்பிரிட்ஜில் இருந்து ஆராய்ச்சி உதவித்தொகை வந்தது. மறுபடியும் இங்கிலாந்து கிளம்பிவிட்டார்.

இந்தியா ஒரு விஞ்ஞானியை இழந்த கதை என்று இதைச் சொல்லலாம். பிரிவினையின் ரணம் ஆறாத, புதிதாகப் பிறந்த நாட்டில் ஆராய்ச்சிக்கு இடமே குறைவாக இருந்த காலம் என்றும் சொல்லலாம். இரண்டுமே உண்மைதான்.

கேம்பிரிட்ஜில் அலெக்சாண்டர் டாட் என்பவரின் ஆய்வுக்கூடம். டி.என்.ஏ, ஆர்.என்.ஏ போன்ற மூலக்கூறுகளின் வேதியியலில் அன்று உலகத்திலேயே முன்னணியில் இருந்த இடம். கொரானாவின் வாழ்நாள் பாதை அங்கேதான் முடிவானது.

1952-ல் கனடாவின் வான்கூவரில் வேலை கிடைத்தது. ஆய்வுக்கூடத்தில் பெரிய வசதி ஒன்றும் இல்லை. ஆனால் விரும்பியதை ஆராய முழுச் சுதந்திரம் கொடுத்தார்கள். கொரானாவுக்கு அது போதுமானதாக இருந்தது. அதே ஆண்டு சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த எஸ்தர் எலிசபெத் சிப்லரைத் திருமணம் செய்துகொண்டார். ஊர் ஊராக அலைந்த வாழ்க்கைக்கு ஒரு பிடிமானம் கொடுத்தவர் எஸ்தர்தான் என்பதை கொரானா நன்றியோடு குறிப்பிட்டிருக்கிறார். மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள்.

1959-ல் கோ-என்சைம் ஏ என்ற பொருளைச் செயற்கையாகத் தயாரித்துக் காட்டினார். உடல் இயங்க அத்தியாவசியமான மூலக்கூறு இது. அதுவரை ஈஸ்ட்டில் இருந்து பிரித்தெடுத்துத்தான் ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தினார்கள், விலையும் அதிகம். உயிரிடம் இருந்து பிரித்தெடுப்பதற்குப் பதிலாக நாமே கட்டிவிட்டால் என்ன என்ற எண்ணம் இங்கேயே தொடங்கிவிட்டது.

நாலே எழுத்து... 64 சொல்

1960-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். அப்போது உயிரியல் உலகமே ஒரு கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டிருந்தது. அது என்ன கேள்வின்னு முதலில் புரிஞ்சுக்கலாம்.

தமிழுக்கு 247 எழுத்துகள். டி.என்.ஏ-வுக்கு நாலே எழுத்து. அடினின், தைமின், குவானின், சைட்டோசின் என்ற நான்கு வேதிப்பொருள்கள்தான் அவை. இந்த நாலு எழுத்தும் மாறி மாறி வரிசையாக நிற்பதுதான் மரபணு. அதன் நகலாக வரும் ஆர்.என்.ஏ-வில் தைமினுக்குப் பதில் யுராசில் இருக்கும்.

செல்லுக்குள் நடக்கும் பெரும்பாலான வேலைகளைச் செய்வது புரதங்கள். இன்சுலினும் ஒரு சிறிய புரதம்தான். புரதம் என்பது 20 வகை அமினோ அமிலங்களை மணிமாலை மாதிரி கோத்தது. அப்போ, நாலு எழுத்தில் எழுதியதை வைத்து, 20 வகை மணிகளில் எதை எந்த இடத்தில் கோக்க வேண்டும் என்று செல்லுக்கு எப்படித் தெரிகிறது?

மூன்று எழுத்து சேர்ந்தால் ஒரு சொல் என்று விஞ்ஞானிகள் கணித்தார்கள். நாலு எழுத்தை மூன்று மூன்றாக அடுக்கினால் 64 சொற்கள் வரும். ஒவ்வொரு சொல்லுக்கும் என்ன பொருள்? அகராதி யாரிடமும் இல்லை.

1961-ல் மார்ஷல் நிரன்பெர்க், ஹென்ரிக் மத்தாய் ஆகிய இருவரும் முதல் சொல்லைக் கண்டுபிடித்தார்கள். யுராசில் மட்டுமே வரிசையாக இருக்கும் ஆர்.என்.ஏ-வைக் கொடுத்தபோது, ஃபீனைல்அலனின் என்ற ஒரே மணியால் ஆன மாலை வந்தது. ஒரு சொல்லுக்குப் பொருள் கிடைத்தது. மீதி 63?

இங்கதான் கொரானாவின் வேதியியல் கைகொடுத்தது. எந்த எழுத்தை எந்த வரிசையில் வேண்டுமோ அப்படியே கோத்துத் தரும் திறமை அன்று அவர் குழுவுக்குத்தான் இருந்தது.

உதாரணத்துக்கு யு, சி என்ற இரண்டு எழுத்து மட்டும் மாறி மாறி வரும் ஆர்.என்.ஏ-வை எடுத்துக்குவோம். யுசியுசியுசி என்று நீண்டுகொண்டே போகும். இதை மூன்று மூன்றாகப் பிரித்தால் யுசியு, சியுசி, மறுபடி யுசியு, சியுசி என்று இரண்டே சொற்கள் மாறி மாறி வரும். கிடைத்த புரதத்தைப் பார்த்தால், அதிலும் செரின், லூசின் என்ற இரண்டு மணிகள் மாறி மாறி இருந்தன. மூன்று எழுத்துக்கு ஒரு சொல் என்பதும், இடைவெளி விடாமல் வரிசையாகத்தான் செல் படிக்கிறது என்பதும் பளிச்சென்று தெரிந்துபோனது.

இப்படி ஒவ்வொரு வரிசையாகச் செய்து, மற்ற குழுக்களின் முடிவுகளோடு ஒப்பிட்டு, 1966-க்குள் அகராதி முழுமையானது. 64 சொற்களில் 61 சொற்கள் அமினோ அமிலத்தைக் குறிக்கும். மீதி மூன்றும் முற்றுப்புள்ளி. அங்கே வந்ததும் மாலை கோப்பதை நிறுத்திவிட வேண்டும்.

இதுல முக்கியமான சங்கதி ஒன்று இருக்கு. இந்த அகராதி மனிதனுக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று என்று தனித்தனியாக இல்லை. கிட்டத்தட்ட எல்லா உயிர்களுக்கும் ஒரே அகராதிதான். மனித இன்சுலினுக்கான வரியை பாக்டீரியாவிடம் கொடுத்தால் அதுவும் அதே பொருளில்தான் படிக்கும். மருந்து தயாரிப்பையே புரட்டிப்போட்ட உண்மை இதுதான்.

1968-ல் நிரன்பெர்க், ராபர்ட் ஹாலி ஆகியோருடன் கொரானாவுக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே அவர் அமெரிக்கக் குடியுரிமை பெற்றிருந்தார். 1969-ல் இந்தியா பத்ம விபூஷண் விருது கொடுத்தது.

படிச்சாச்சு, இனி எழுதணும்

நோபல் வாங்கியதோடு ஓய்வெடுத்திருக்கலாம். கொரானா அதைவிடக் கடினமான வேலையை ஏற்கெனவே கையில் எடுத்திருந்தார். மரபணுவைப் படிக்க முடிகிறது, சரி. ஒரு முழு மரபணுவை, எந்த உயிரின் உதவியும் இல்லாமல், வேதிப்பொருள்களை வைத்தே எழுத முடியுமா?

அன்றைக்கு ஒரு எழுத்தை இன்னொன்றோடு சேர்ப்பதே பெரும்பாடு. நீளம் கூடக் கூடப் பிழையும் கூடும். ஆகவே அவர் குழு ஒரு தந்திரம் செய்தது. 5 முதல் 20 எழுத்து வரை உள்ள சின்னச் சின்னத் துண்டுகளை முதலில் தயாரித்தார்கள். ஒரு துண்டின் முனை அடுத்த துண்டோடு பொருந்தி உட்காரும்படி வரிசையைத் திட்டமிட்டார்கள். பிறகு, லிகேஸ் என்ற நொதியை விட்டு மூட்டுகளை இணைத்தார்கள். தச்சர் நாட்டுச் சட்டம் பூட்டுவது மாதிரி!

1970-ல் வேலை முடிந்தது. ஈஸ்ட்டில் இருக்கும் ஒரு மரபணுவின் நகல், 77 எழுத்து ஜோடிகள் நீளம். உலகத்திலேயே மனிதர்கள் முழுமையாக எழுதிய முதல் மரபணு அதுதான்.

ஆனால் அது வேலை செய்யவில்லை. எங்கே ஆரம்பிக்கணும், எங்கே முடிக்கணும் என்று செல்லுக்குச் சொல்லும் குறிப்புகள் அதில் இல்லை. அதே ஆண்டு எம்.ஐ.டி-க்கு மாறிய கொரானா, அடுத்த முயற்சியை ஏற்கெனவே தொடங்கியிருந்தார். இந்த முறை எடுத்துக்கொண்டது ஈ.கோலை பாக்டீரியாவின் ஒரு மரபணு. தொடக்கக் குறிப்பு, முடிவுக் குறிப்பு எல்லாம் சேர்த்து 207 எழுத்து ஜோடிகள்.

1976 ஆகஸ்டில் முடிவை அறிவித்தார். எழுதிய மரபணுவை, பழுதான வைரஸ் ஒன்றின் வழியாக பாக்டீரியாவுக்குள் அனுப்பினார்கள். அந்த மரபணு வேலை செய்தால்தான் வைரஸின் பழுது நீங்கி அது பெருக முடியும். பெருகியது! ஆய்வுக்கூடத்தில் மனிதன் எழுதிய வரியை, உயிருள்ள செல் தன்னுடைய வரி போலவே படித்துவிட்டது.

அதே ஆண்டு, அதே நாடு, ஒரு புது கம்பெனி

இப்போ இன்சுலினுக்கு வருவோம்.

1955-க்குள்ளேயே இன்சுலினின் மணி வரிசையை ஃபிரடெரிக் சாங்கர் கண்டுபிடித்துவிட்டார். மொத்தம் 51 அமினோ அமிலங்கள், இரண்டு சங்கிலிகள். பன்றி இன்சுலின் மனித இன்சுலினில் இருந்து ஒரே ஒரு மணியில் மாறுபடும். மாட்டு இன்சுலின் மூன்று மணிகளில் மாறுபடும். அதனால்தான் அவை நமக்கும் வேலை செய்தன. ஆனால் சிலருக்கு ஒவ்வாமை வந்தது. நோயாளிகள் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனால் கணையத்துக்கு எங்கே போவது என்ற கவலையும் இருந்தது.

1973-ல் ஸ்டான்லி கோஹன், ஹெர்பர்ட் போயர் ஆகியோர், ஒரு டி.என்.ஏ துண்டை வெட்டி இன்னொன்றில் ஒட்டி, பாக்டீரியாவுக்குள் வைத்துப் பெருக்கிக் காட்டினார்கள். 1976 ஏப்ரலில் போயரும் ராபர்ட் ஸ்வான்சன் என்ற இளம் முதலீட்டாளரும் சேர்ந்து ஜெனென்டெக் என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். இலக்கு, இன்சுலின்.

போட்டிக்குப் பெரிய ஆட்கள் இருந்தார்கள். ஹார்வர்டில் வால்டர் கில்பர்ட்டின் குழுவும், கலிஃபோர்னியாவில் ஒரு பல்கலைக்கழகக் குழுவும் உடலில் இருந்து எடுத்த மரபணுச் செய்தியை நகலெடுக்கும் வழியில் போனார்கள். அப்போது மரபணு ஆராய்ச்சி மீது மக்களுக்குப் பெரிய பயம் இருந்தது. மனித மரபணுவை பாக்டீரியாவில் வைப்பதற்குக் கடுமையான விதிகள் வந்தன. ஹார்வர்டும் எம்.ஐ.டி-யும் இருக்கும் கேம்பிரிட்ஜ் நகரில் 1976-ல் சில ஆய்வுகளுக்குத் தற்காலிகத் தடையே போட்டார்கள். கில்பர்ட் குழு, உச்ச பாதுகாப்பு கொண்ட ஆய்வுக்கூடம் தேடி இங்கிலாந்து வரை போக வேண்டியிருந்தது.

ஜெனென்டெக் வேறு வழியில் போனது. மரபணுவை உடலில் இருந்து எடுக்க வேண்டாம், நாமே எழுதிவிடலாம்! இப்படி எழுதிய மரபணுவுக்கு அவ்வளவு கெடுபிடி இல்லை. எழுதும் பொறுப்பு, கலிஃபோர்னியாவின் சிட்டி ஆஃப் ஹோப் மையத்தில் இருந்த கெய்ச்சி இட்டகுரா, ஆர்தர் ரிக்ஸ் குழுவுக்கு.

இட்டகுரா யாரிடம் தொழில் கற்றார் தெரியுமா? கனடாவில் சரண் நாரங் என்ற இந்திய வம்சாவளி விஞ்ஞானியிடம். நாரங் யாரிடம் கற்றார்? விஸ்கான்சினில் கொரானாவிடம். கொரானாவின் முறையைவிட வேகமாக எழுதும் வழியை நாரங்கும் இட்டகுராவும் வளர்த்தெடுத்தார்கள். ஆக, குருவுக்குக் குரு கொரானா.

பாக்டீரியாவை ஏமாற்றியது எப்படி?

1977-ல் முதல் ஒத்திகையாக, 14 அமினோ அமிலம் கொண்ட சொமட்டோஸ்டாட்டின் என்ற சிறிய ஹார்மோனை பாக்டீரியாவில் தயாரித்தார்கள். அடுத்தது இன்சுலின்.

இன்சுலினின் இரண்டு சங்கிலிகளுக்கும் தனித்தனியாக மரபணு எழுதினார்கள். ஒன்று 104 எழுத்து ஜோடிகள், இன்னொன்று 77. ஆமாம், கொரானா எழுதிய முதல் மரபணுவின் அதே நீளம். தற்செயல்தான். ஆனால் 1970-ல் ஆண்டுக்கணக்கில் நடந்த வேலை, 1978-ல் சில மாதங்களில் முடிந்தது.

எழுதிய மரபணுவை, பாக்டீரியாவுக்குள் இருக்கும் வளையம் போன்ற ஒரு டி.என்.ஏ-வில் வெட்டி ஒட்டினார்கள். ஈ.கோலை நல்ல சூழலில் சுமார் 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகப் பிரியும். ஒன்று, இரண்டு, நான்கு என்று ஒரே இரவில் கோடிக்கணக்கில் பெருகும். ஒவ்வொன்றும் தன் சொந்தப் புரதம் என்று நினைத்துக்கொண்டு நம் இன்சுலின் சங்கிலியைச் செய்து தள்ளும்.

ஒரு பிரச்சனை இருந்தது. சின்னப் புரதத்தை பாக்டீரியா தனக்கு வேண்டாத குப்பை என்று சிதைத்துவிடும். அதனால் பாக்டீரியாவின் சொந்தப் பெரிய புரதம் ஒன்றின் வாலில் இன்சுலின் சங்கிலியை ஒட்டவைத்தார்கள். நடுவில் மெத்தியோனின் என்ற மணி வரும்படி ஒரு சொல்லைச் சேர்த்தார்கள். மெத்தியோனின் இருக்கும் இடத்தில் மட்டும் வெட்டும் வேதிப்பொருள் ஒன்று உண்டு. மனித இன்சுலினுக்குள் மெத்தியோனின் கிடையாது. ஆகவே வெட்டு சரியாக மூட்டில் மட்டும் விழும், இன்சுலின் முழுசாக வெளியே வரும். அகராதி கையில் இருந்ததால்தான் இப்படி யோசித்து எழுத முடிந்தது.

1978 ஆகஸ்டில், டேவிட் கோடல் என்ற இளம் விஞ்ஞானி இரண்டு சங்கிலிகளையும் இணைத்து மனித இன்சுலினை உருவாக்கினார். செப்டம்பரில் உலகத்துக்கு அறிவித்தார்கள். எலி லில்லி நிறுவனம் பெரிய அளவில் தயாரிக்க முன்வந்தது. 1982 அக்டோபரில் ஹியூமுலின் என்ற பெயரில் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. மரபணுப் பொறியியலில் உருவாகி மனிதர்களுக்கு அனுமதி பெற்ற முதல் மருந்து அதுதான்.

அப்போ, இன்சுலினை உருவாக்கியது கொரானாவா?

இல்லை. இதைத் தெளிவாகச் சொல்லிடணும். இன்சுலினைக் கண்டுபிடித்தது டொராண்டோ குழு. அதன் வரிசையைப் படித்தது சாங்கர். வெட்டி ஒட்டும் வித்தை கோஹனும் போயரும் கொடுத்தது. பாக்டீரியாவில் இருந்து எடுத்தது ஜெனென்டெக், சிட்டி ஆஃப் ஹோப் குழுக்கள்.

ஆனால் ஒரு மரபணுவைப் பிறரிடம் கடன் வாங்காமல் எழுதலாம், எழுதினால் செல் அதைப் படிக்கும் என்று முதலில் செய்து காட்டியவர் கொரானா. அவர் எழுதிய இரண்டு மரபணுக்களும் எந்த நோய்க்கும் மருந்தில்லை. எதற்கு இவ்வளவு மெனக்கெடல் என்று கேட்டிருந்தால், மரபணு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள என்பதுதான் பதிலாக இருந்திருக்கும். அந்த அறிவுதான் சில ஆண்டுகளில் ஊசிமருந்தாக மாறியது.

அவருடைய மாணவர் பரம்பரை இன்னும் நீளமானது. வான்கூவரில் அவரிடம் சேர்ந்த மைக்கேல் ஸ்மித், மரபணுவில் விரும்பிய எழுத்தை மட்டும் மாற்றும் முறையைக் கண்டுபிடித்து 1993-ல் நோபல் வாங்கினார். புரதத்தில் ஓரிரு மணிகளை வேண்டுமென்றே மாற்றி இன்னும் நல்ல மருந்தாக்கும் எண்ணம் இன்று சாதாரணம். 1996-ல் வந்த லிஸ்ப்ரோ இன்சுலினில், இரண்டு மணிகள் இடம் மாறியிருக்கும். அதனால் உடலில் சீக்கிரம் வேலை செய்யத் தொடங்கும். இன்னொரு மாணவரான மார்வின் கரூதர்ஸ் கொடுத்த முறையில்தான், ஆர்டர் செய்த வரிசையில் டி.என்.ஏ-வை எழுதித்தரும் இயந்திரங்கள் பல பத்தாண்டுகளாக ஓடுகின்றன.

இன்சுலினோடு நிற்கவில்லை

இன்சுலினுக்குக் கிடைத்த வழி, மற்ற மருந்துகளுக்கும் கதவு திறந்தது. சில இடங்களில் அது உயிரையே காப்பாற்றியது.

வளர்ச்சி ஹார்மோன் குறைவாக உள்ள குழந்தைகளுக்கு, முன்பு இறந்தவர்களின் மூளையடிச் சுரப்பியில் இருந்து எடுத்த ஹார்மோனைத்தான் கொடுத்தார்கள். அதன் வழியாகச் சிலருக்குக் கொடிய மூளைநோய் தொற்றியது தெரியவந்து, 1985-ல் அமெரிக்காவில் அதை நிறுத்தினார்கள். அதே ஆண்டு பாக்டீரியாவில் தயாரான வளர்ச்சி ஹார்மோனுக்கு அனுமதி கிடைத்தது.

ஹெபடைடிஸ்-பி தடுப்பூசியும் அப்படித்தான். முதலில் நோய்த்தொற்று உள்ளவர்களின் ரத்தத்தில் இருந்து தயாரானது. 1986-ல் ஈஸ்ட்டில் தயாரான தடுப்பூசி வந்தது. இந்தியாவில் 1997-ல் ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் இந்தத் தடுப்பூசியை உள்நாட்டிலேயே தயாரித்து வெளியிட்டது. 2004-ல் பெங்களூருவின் பயோகான், ஈஸ்ட்டில் தயாரித்த மனித இன்சுலினை இந்தியச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கொரானாவுக்கு அன்று வேலை கிடைக்காத அதே நாட்டில்!

மூக்கில் விட்ட குச்சியும் கொரானாவும்

ஆரம்பத்தில் சொன்ன வைரஸ் பரிசோதனை விஷயம் இதுதான். கொஞ்சூண்டு டி.என்.ஏ-வை லட்சக்கணக்கான நகலாகப் பெருக்கும் பி.சி.ஆர் முறைக்காக கேரி மல்லிஸ் 1993-ல் நோபல் வாங்கினார். ஆனால் அதன் அடிப்படை எண்ணம், கொரானாவின் ஆய்வுக்கூடத்தில் இருந்து 1971-ல் ஷெல் கிளெப்பேயை முதல் ஆசிரியராகக் கொண்டு வந்த கட்டுரையிலேயே இருந்தது. எழுதிய மரபணுவை நகலெடுக்க வழி தேடியபோது வந்த யோசனை அது.

பி.சி.ஆர் காப்புரிமை மீது பின்னர் அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்கு வந்தபோது, இந்தப் பழைய கட்டுரைகளை முன்வைத்து வாதிட்டார்கள். நடுவர் குழு காப்புரிமை செல்லும் என்றது. யோசனையை நடைமுறையில் வேலை செய்ய வைத்தவர் மல்லிஸ் என்பதில் சந்தேகமில்லை. கோவிட் காலத்தில் நாம் வரிசையில் நின்று எடுத்த ஆர்.டி-பி.சி.ஆர் இந்த வழியில் வந்ததுதான்.

கடைசி வரை ஆய்வுக்கூடம்

1976-க்குப் பிறகு, எல்லோரும் மரபணு கம்பெனிகள் பக்கம் ஓடிக்கொண்டிருந்தபோது கொரானா வேறு திசையில் திரும்பினார். கண்ணுக்குள் ஒளி விழுந்ததும் அதை உணரும் ரொடாப்சின் போன்ற புரதங்கள் எப்படி வேலை செய்கின்றன என்று ஆராயத் தொடங்கினார். மரபணுவை எழுதும் வித்தையை அங்கேயும் பயன்படுத்தி, புரதத்தின் ஒவ்வொரு மணியாக மாற்றிப் பார்த்தார்.

1987-ல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் பதக்கம் கிடைத்தது. சொந்த வாழ்வில் பெரிய துக்கங்களும் இருந்தன. மகள் எமிலி 1979-ல் காலமானார். மனைவி எஸ்தர் 2001-ல் மறைந்தார். ஆனாலும் 2007 வரை எம்.ஐ.டி-யில் வேலையைத் தொடர்ந்தார். அப்போது அவருக்கு வயது 85. அதே ஆண்டு, விஸ்கான்சின் பல்கலைக்கழகமும் இந்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் கைகோத்து, இந்திய மாணவர்களை அமெரிக்க ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்பும் திட்டத்தை அவர் பெயரில் தொடங்கின.

2011 நவம்பர் 9-ம் தேதி, மாசசூசெட்ஸ் மாநிலம் கான்கார்டில் கொரானா காலமானார். வயது 89. அவர் காப்பாற்றிய உயிர்கள் எத்தனை என்று கணக்குப் போட முடியாது. மருந்துப் பெட்டிகளில் அவர் பெயரும் இருக்காது. ஆனால் எழுதப் படிக்கத் தெரிந்த ஒரே குடும்பத்தில் பிறந்த அந்தப் பையன், உயிரின் மொழியில் எழுதப் படிக்க உலகத்துக்கே கற்றுக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.